இரும்பைப் பிடித்து ஏறியது கணக்கில் வருமா?

"கம்பியைப் பிடித்துக்கொண்டுதானே போனீர்கள்? அப்படியென்றால் அது ஏற்றம் இல்லை. கொஞ்சம் செங்குத்தான நடை, அவ்வளவுதான்."

ட்ரிக்லாவ் ஏறிவிட்டு மியூனிக் திரும்பிய திங்கட்கிழமை காலை, அலுவலகக் காபி எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி சக ஊழியர் ஒருவர் சொன்னது இது. பவேரியாக்காரர். சின்ன வயதிலிருந்தே பாறை ஏறுகிறவர். விரல் மூட்டுகள் எல்லாம் தடித்துப்போய், அவர் கீபோர்டு தட்டும்போதே ஆள் யாரென்று தெரிந்துவிடும். கேலியாகச் சொல்லவில்லை. பொறாமையும் இல்லை, அவர் எதற்கு என்மீது பொறாமைப்பட வேண்டும்? சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போய்விட்டார். எனக்குத்தான் அந்த வாக்கியம் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது. தொடை வலியெல்லாம் அந்த வாரமே போய்விட்டது. இது போகவில்லை. மறுத்துப் பேச நினைத்தால் பாதியில் அவர் பக்கம் நியாயம் தெரிகிறது. ஒத்துக்கொள்ளலாம் என்றால் மனசு வரவில்லை.

ட்ரிக்லாவ், ஸ்லோவேனியாவின் மிக உயரமான சிகரம். ஜூலியன் ஆல்ப்ஸ் தொடரில் 2864 மீட்டர். ஆல்ப்ஸ் கணக்கில் இது பெரிய உயரம் இல்லை. நான்காயிரம் மீட்டர் மலைகளை எண்ணிக்கொண்டு திரிகிறவர்கள் இதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அந்த நாட்டுக்காரர்களுக்கு அப்படி இல்லை. அவர்கள் கொடியில் இந்த மலை இருக்கிறது, 50 சென்ட் நாணயத்தில் இருக்கிறது. வாழ்நாளில் ஒரு தடவையாவது இதில் ஏறாதவன் ஸ்லோவேனியன் இல்லை என்று பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் சொல்கிறார்கள். அதனால் ஆகஸ்ட் மாதத்தில் பாட்டி, பேரன், புது மணத் தம்பதி, கம்பெனிக் குழு என்று எல்லாரும் மலையில் இருக்கிறார்கள். அத்தனை பேரும் பாறை ஏறத் தெரிந்தவர்களா என்றால் இல்லை. அவர்களை மேலே கொண்டுபோவது பாறையில் அடித்து வைத்திருக்கும் இரும்புதான். முளைகள், வளையங்கள், அவற்றுக்கு நடுவே இழுத்துக் கட்டிய எஃகு வடம். என்னையும் அதுதான் கொண்டுபோனது.

நாங்கள் போனது பொக்ல்யுகா பக்கம், ருட்னோ போல்யேவிலிருந்து. 1347 மீட்டரில் ஊசியிலைக் காட்டுக்குள் தொடங்குகிற வழி. பழக்கமில்லாதவர்களுக்கு இதுதான் சுலபம் என்கிறார்கள். சுலபம்தான், நீளம்தான் அதிகம். காடு முடிந்து, குட்டைப் பைன் புதர் முடிந்து, கொன்ஸ்கோ சேட்லோ என்ற கணவாய்க்கு வந்தபிறகு வெறும் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை. அதில் தண்ணீர் நிற்காது, விழுந்ததெல்லாம் உள்ளே இறங்கிவிடும். கண்ணுக்கு எட்டிய தூரம் மலை, குடிக்கச் சொட்டு இல்லை. சிவப்பு வட்டத்துக்குள் வெள்ளைப் புள்ளி வைத்த வழிக்குறியை ஒவ்வொரு பாறையாகத் தேடிக்கொண்டே போக வேண்டும். 1922-இல் அலோய்ஸ் க்னாஃபெல்ட்ஸ் என்பவர் வகுத்துக் கொடுத்த குறி, இன்றுவரை நாடு முழுவதும் அதேதான். வரைகிறவர்கள் மலையேற்றச் சங்கத்துத் தொண்டர்கள், சம்பளம் கிடையாது. சாயங்காலம் 2515 மீட்டரில் இருக்கும் கிரெடாரிட்சா விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். பக்கத்திலேயே வானிலை நிலையம். 2001 ஏப்ரலில் இங்கே ஏழு மீட்டர் பனி அளந்திருக்கிறார்கள். விடுதிக்குப் பின்னால் பனியாறு இருக்கிறது என்று வரைபடம் சொல்கிறது. போய்ப் பார்த்தால் அழுக்குப் படிந்த ஒரு பனித்திட்டு. 1946-இல் பதினான்கு ஹெக்டேருக்கு மேல் இருந்தது, இப்போது ஒரு ஹெக்டேர்கூட இல்லை.

நேர்மையான வழி

காபி எந்திரத்தடியில் கேட்டது புதுச் சண்டை இல்லை. ஆல்ப்ஸில் கிட்டத்தட்ட நூற்றைம்பது வருடமாக நடக்கிறது. 1880-இல் மம்மரி என்ற ஆங்கிலேயர், ஆல்ப்ஸின் மிக உயரமான சிகரமான மோன் பிளான் தொடரில் இருக்கும் டான் டு ஷெயான் என்ற பாறைக் கொம்பில் ஏறப் பார்த்தார். 4013 மீட்டர், வழவழவென்று வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும். முடியவில்லை. திரும்பும்போது ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டு வந்தார்: நேர்மையான வழியில் இதில் ஏறவே முடியாது. அந்தக் காலத்தின் மிகத் திறமையான ஏற்றக்காரர்களில் ஒருவர் வாயிலிருந்து வந்த தீர்ப்பு அது. இரண்டே வருடம். 1882-இல் இத்தாலியப் பக்கத்திலிருந்து மக்கின்யாஸ் குடும்பத்து வழிகாட்டிகள் வந்தார்கள். சில நாட்கள் செலவழித்துப் பாறையில் இரும்பு முளைகளை அடித்தார்கள், கயிறு கட்டினார்கள், செல்லா குடும்பத்து இளைஞர்களை அதன் வழியே மேலே அழைத்துப் போனார்கள். அந்த வழியில் இன்றும் தடித்த வடங்கள் தொங்குகின்றன. அதைப் பிடித்துப் போகிறவர்கள் யாரும் வெட்கப்படுவதாகத் தெரியவில்லை.

இரும்பு அதற்கும் முந்தியது. ஆஸ்திரியாவின் டாஹ்ஸ்டைன் மலையில் 1843-லேயே ஃப்ரீட்ரிஹ் ஸிமோனி என்ற புவியியலாளர் முளையும் கைப்பிடியும் அடித்து வழி போட்டுவிட்டார். அவருக்கு வேண்டியிருந்தது வீரம் இல்லை, ஆராய்ச்சிக்கு அடிக்கடி மேலே போய்வர ஒரு பாதை. முதல் உலகப் போரில் டோலமைட் மலைகளில் எதிரெதிரே உட்கார்ந்திருந்த இத்தாலிய, ஆஸ்திரியப் படைகள் சோறும் குண்டும் ஏற்ற ஏணியும் வடமும் பதித்தன. வியா ஃபெர்ராட்டா என்று இன்று சுற்றுலாக்காரர்கள் போகிற இரும்பு வழிகளில் பல அப்படி வந்தவை.

எதிர்க்கட்சியில் நிற்கிறவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் பவுல் ப்ராய்ஸ். 1886-இல் பிறந்த ஆஸ்திரியர். 1911-இல் முளை அடிப்பதை எதிர்த்து எழுதி, அன்றைய பெரிய ஏற்றக்காரர்கள் எல்லாரையும் சண்டைக்கு இழுத்தவர். அவர் சொன்னதில் ஒன்று எனக்கு அப்படியே மனப்பாடமாகிவிட்டது: எதில் துணையில்லாமல் இறங்க முடியுமோ, அதில் மட்டும்தான் ஏற வேண்டும். முளை ஆபத்துக்கு வைத்துக்கொள்வது, அதையே முறையாக்கிவிடக் கூடாது. சொன்னதைச் செய்தும் காட்டினார். அதே வருடம் கம்பனீலே பாஸ்ஸோ என்ற கோபுரப் பாறையின் கிழக்கு முகத்தில் தன்னந்தனியாக, கயிறு இல்லாமல் ஏறி, அதே முகத்தில் இறங்கினார். 1913 அக்டோபரில் தனியாக ஏறும்போது விழுந்து இறந்தார். வயது 27. இந்தக் கதையை இரண்டு கட்சிக்காரர்களும் தங்களுக்குச் சாதகமாகச் சொல்வார்கள். எனக்கு இது எதையும் நிரூபிப்பதாகத் தெரியவில்லை. கொள்கைக்காக உயிரைக் கொடுத்தார் என்பதும் மிகை, கொள்கையே கொன்றது என்பதும் மிகை. கால் வழுக்கினால் விழுகிறோம்.

பாதிரியார் வாங்கிய உச்சி

ட்ரிக்லாவில் முதலில் ஏறியது 1778 ஆகஸ்டில், நான்கு உள்ளூர்க்காரர்கள். மோன் பிளானில் மனிதக் கால் படுவதற்கு எட்டு வருடம் முன்பு. ஏறுகிறவர்களுக்குப் பரிசு தருகிறேன் என்று தூண்டிவிட்டவர் ஸிகா ஸோய்ஸ் என்ற பிரபு, மலையடிவாரத்தில் இருக்கும் போஹின் பக்கத்து இரும்பு ஆலைகளின் முதலாளி. மலைக்கும் இரும்புக்குமான தொடர்பு அங்கேயே தொடங்கிவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அது என் பேராசை. அந்த நால்வர் போனபோது பாறையில் ஒரு முளையும் கிடையாது. சின்ன ட்ரிக்லாவுக்கும் பெரிய ட்ரிக்லாவுக்கும் நடுவில் இருக்கும் முகடு அப்போது இன்னும் கூர்மை. பழைய காலத்தில் ஏறியவர்களில் சிலர் குதிரைமேல் உட்கார்வதுபோல் இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு நகர்ந்து கடந்திருக்கிறார்கள். பிற்பாடு வழிகாட்டிகள் முகட்டை வெட்டிக் கொத்தி அகலப்படுத்தினார்கள், முளை வைத்தார்கள்.

விடுதியிலிருந்து விடியற்காலை கிளம்பினால் உச்சிக்கு ஒன்றரை மணி நேரம் போதும் என்பார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் எல்லாமே இருக்கிறது. இடுப்பில் ஹார்னஸ் என்ற பட்டைக் கச்சை, அதிலிருந்து ஆங்கில ஒய் எழுத்து மாதிரிப் பிரியும் இரண்டு கைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் காரபைனர் என்ற ஒரு கொக்கி வளையம். நடுவில் தைத்து மடித்த ஒரு பட்டை, விழுந்தால் தையல் கிழிந்து கிழிந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். வடம் பாறையில் பதிந்திருக்கும் இடம் வந்தால் ஒரு காரபைனரைக் கழற்றி அடுத்த துண்டில் மாட்ட வேண்டும், பிறகுதான் இன்னொன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றவே கூடாது. இரண்டு பதிவுகளுக்கு நடுவே ஒரு ஆள் மட்டும். முன்னால் போகிறவர் தாண்டும்வரை நிற்க வேண்டும். க்ளிக், க்ளிக், நகர்வு, நிறுத்தம், மறுபடி க்ளிக், க்ளிக். அரை மணி நேரத்தில் கை தானாகச் செய்ய ஆரம்பித்துவிடும், ஆபத்தும் அப்போதுதான். வடம் விடியலில் பனிக்கட்டிச் சில்லிப்பு, கையுறை வழியாகவும் ஏறும். அங்கங்கே ஒரு இழை அறுந்து முள்போல் நீட்டிக்கொண்டிருக்கும், வெறும் கையோடு போனவர்களுக்குத் தெரியும் அதன் அருமை. கால் வைக்கிற இடமெல்லாம் ஆயிரக்கணக்கான பூட்ஸ்கள் தேய்த்து, சுண்ணாம்புப் பாறை சோப்புப் போட்டதுபோல் ஆகிவிட்டது. இரும்பு இல்லாவிட்டால் இந்த வழுவழுப்பும் இருந்திருக்காது, இவ்வளவு பேர் வந்திருக்க மாட்டார்கள் என்பதை அப்புறம்தான் யோசித்தேன்.

எனக்கு முன்னால் ஒரு தாத்தாவும் பத்து வயதுப் பையனும். பையனைக் குட்டைக் கயிற்றால் தன் இடுப்போடு கட்டியிருந்தார். ஒவ்வொரு பதிவிலும் பையன் மாட்டிவிட்டு நிமிர்ந்து பார்ப்பான், தாத்தா தலையசைத்த பிறகுதான் அடுத்த அடி. வலப்பக்கம் பனியாறு இருந்த குழி, இடப்பக்கம் அடிவானம்வரை சாம்பல் பாறை. பையனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. மேலே போனதும் வயிறு வாடகை கேட்கிறது என்கிற முகத்தோடு பையிலிருந்து சாண்ட்விச்சை எடுத்தான்.

உச்சியில் ஒரு தகரக் கோபுரம். ஆள் உயரம், ஒருவர் இருவர் நெருக்கி நிற்கலாம், மேலே கூம்புக் கூரையும் சின்னக் கொடியும். அல்யாஷ் கோபுரம் என்று பெயர். யாகோப் அல்யாஷ், கீழே டோவ்யே கிராமத்துப் பாதிரியார். ஆஸ்திரிய ஆட்சிக் காலம் அது. மலையில் விடுதியும் பாதையும் பெயர்ப்பலகையும் ஜெர்மன் பேசுகிறவர்கள் கையில் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்து வெறுத்துப்போன மனிதர், உச்சியில் ஒரு சின்னத் துண்டு நிலத்தைச் சட்டப்படி விலைக்கு வாங்கினார். தானே வரைந்து கொடுத்து, அன்டோன் பெலெட்ஸ் என்ற தகரக் கொல்லரிடம் செய்யச் சொல்லி, பாகம் பாகமாக ஆட்களைச் சுமக்கவைத்து, 1895 ஆகஸ்ட் 7-ஆம் தேதி நிறுத்திவிட்டார். இரண்டு போர்களுக்கு நடுவே இத்தாலிக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் எல்லைக்கோடு இந்த உச்சி வழியாகவே போனது. அவரவர் முறை வந்தபோது கோபுரத்துக்கு அவரவர் வண்ணம் பூசினார்கள். 2018-இல் பழுதுபார்க்க ஹெலிகாப்டரில் கீழே கொண்டுபோனபோது உச்சி மொட்டையாக நின்ற படங்கள் நாடு முழுக்கப் பெரிய பேச்சு.

முதல் தடவை வருகிறவர்களுக்கு அங்கே ஒரு சடங்கு உண்டு. குனிந்து நிற்க வேண்டும், பின்புறத்தில் கயிற்றால் அடி. எனக்கு அடித்தவர் முன்பின் தெரியாத ஒரு ஆசிரியை. பலமாகவே அடித்தார். கூட்டம் கைதட்டியது. நீ கம்பியைப் பிடித்து வந்தாயா, பாறையைப் பிடித்து வந்தாயா என்று யாரும் விசாரிக்கவில்லை. சரி, இவர்கள் கணக்கில் நான் ஏறிவிட்டேன்.

கம்பி இல்லாத சில அடிகள்

இறங்கும்போதுதான் அது நடந்தது. கீழேயிருந்து வருகிறவர்களின் வரிசை முகட்டில் நீண்டுகொண்டே வந்தது. ஒரே வடத்தில் மேலேயும் கீழேயும் போக்குவரத்து. ஒரு இடத்தில் வடம் முடிந்து அடுத்த வடம் தொடங்குவதற்கு நடுவில் சில அடிகள் வெறும் பாறை. ஏறும்போது அதை நான் கவனித்ததாகவே நினைவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டு தாண்டிப் போயிருப்பேன். இப்போது முகம் பள்ளத்தைப் பார்த்தபடி நிற்கிறேன். இரண்டு காரபைனர்களும் கையில் தொங்குகின்றன, மாட்ட ஒன்றும் இல்லை.

கஷ்டமான இடமே இல்லை. பக்கத்தில் ஒரு அம்மாள் கைப்பையோடு மார்க்கெட்டுக்குப் போகிற நடையில் கடந்து போனார். எனக்குக் கால் நகரவில்லை. கை மட்டும் பாறைமேல் அலைந்தது, எதையோ தேடுகிறது. என்ன தேடுகிறது என்று ஒரு நொடி கழித்துப் புரிந்தது. இரும்பை. காலையிலிருந்து இத்தனை நேரம் என் கண் போனதெல்லாம் அடுத்த முளை எங்கே, அடுத்த பதிவு எங்கே என்றுதான். பாறை அதற்குப் பின்னால் இருக்கும் சுவர், அவ்வளவே. திரும்பி முகத்தைப் பாறைப் பக்கம் வைத்துக்கொண்டேன், கையுறையைக் கழற்றினேன். அப்போதுதான் பார்த்தேன்: மழை நீர் ஓடி ஓடி அரித்த கத்திமுனை போன்ற வரிகள், அவற்றுக்கு நடுவே சரியாக நான்கு விரல் போகிற அளவு குழிகள். விரலை விட்டு இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. வெயில் பட்ட பக்கம் சூடு, உள்ளே ஈரம். கீழே கால் தடவிய இடத்தில், பளபளப்பு இல்லாத சொரசொரப்பான ஒரு விளிம்பு. எல்லாரும் மிதிக்கிற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி இருந்ததால் தேயாமல் பிழைத்தது. ஒரு கை, ஒரு கால், இன்னொரு கை. அடுத்த வடம் கைக்கு வந்தபிறகும் உடனே மாட்டாமல் ஒரு கணம் நின்றேன். அந்தச் சில அடிகளில் எனக்கு வந்த பயம் காலையில் முகட்டில் வந்த பயம் இல்லை. காலையில் வந்தது உயரத்தைப் பற்றியது. இது என் கையைப் பற்றியது, அது சரியாகப் பிடிக்குமா என்பதைப் பற்றியது.

பவேரியாக்காரர் சொன்னதை முதலில் நினைவுபடுத்திப் பார்த்தபோது, அவர் என் வீரத்தைக் குறைத்து மதிப்பிட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். இப்போது தோன்றுகிறது, அவர் பேசியது வீரத்தைப் பற்றியே இல்லை. ஏறுவது என்று அவர் சொல்வது பாறையைப் படிப்பதை. வடம் இருந்தால் யாரோ ஏற்கெனவே படித்து முடித்துக் கோனார் நோட்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். இதில் அவர் சொல்வது முழுக்கச் சரி. அந்த முகட்டில் கம்பி இருந்த நேரமெல்லாம் எனக்கும் பாறைக்கும் பேச்சுவார்த்தையே இல்லை.

ஆனால் கணக்கில் வராது என்று அவர் தள்ளும் இடத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. கல்லூரி நாட்களில் நண்பர்களோடு திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையில் ஏறியிருக்கிறேன். மேலே மல்லிகார்ஜுனர் கோவிலுக்குப் போகும் கடைசிப் பகுதி செங்குத்துப் பாறை. கடப்பாறைகளை அடித்து, சங்கிலி கட்டி வைத்திருப்பார்கள். கடப்பாறைப் படி என்றே பெயர். ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தில், காலில் செருப்பில்லாமல், அறுபது வயது அம்மாக்கள் 'அரோகரா' போட்டுக்கொண்டு அதைப் பிடித்து ஏறுவார்கள். ஹார்னஸ் ஏது, ஹெல்மெட் ஏது. இலங்கையின் சிவனொளிபாத மலையில் இரும்புச் சங்கிலிகள் தொங்குவதைப் பதினான்காம் நூற்றாண்டில் போன இபின் பதூதாவே எழுதியிருக்கிறார். அங்கெல்லாம் யாரும் இது நேர்மையான வழியா என்று கேட்டதில்லை, ஏனென்றால் அங்கே மலை ஒரு பரீட்சை இல்லை. மேலே போக வேண்டும், மேலே ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான். ட்ரிக்லாவில் அந்தத் தாத்தாவும் பேரனும் போனது இந்த வகைப் போதல். ப்ராய்ஸ் கம்பனீலே பாஸ்ஸோவில் போனது வேறு வகை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பதால்தான் வம்பு.

அதற்காக எல்லா மலையிலும் இரும்பை அடித்துத் தள்ளலாம் என்று சொல்ல மாட்டேன். வடம் இருக்கிறது என்ற தைரியத்தில் டென்னிஸ் ஷூவோடு முகட்டுக்கு வந்து நடுவில் உறைந்து நின்றவர்களை அன்றைக்கே பார்த்தேன். மதியத்துக்குமேல் இடி வந்தால் அதே வடம் மின்னலை மலை நெடுக விநியோகம் செய்யும். இன்னொன்று, அந்தக் கம்பி இல்லாத சில அடிகளிலும் யாராவது நல்ல மனசோடு வடம் கட்டிவிடக் கூடாது. தாத்தா பேரனுக்குத் தலையசைக்க அங்கே ஒரு இடம் வேண்டும். கட்டியிருக்கும் இரும்பை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் போதும், அதுவே பெரிய வேலை.

இதையெல்லாம் போன வாரம் பவேரியாக்காரரிடம் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். ப்ராய்ஸ் பெயரைச் சொன்னதும் கண் மின்னியது. பர்வதமலைப் படங்களைச் செல்பேசியில் காட்டினேன். கடப்பாறைப் படியில் வரிசையாகப் போகும் கூட்டத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"வெறுங்காலோடா?"

"பல பேர் அப்படித்தான்."

"பிடி விட்டால்?"

"விட மாட்டார்கள்."

முள்கரண்டியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம், அங்கே போக எந்த மாதம் நல்லது என்று கேட்டார். டிசம்பர், ஜனவரி என்றேன். பௌர்ணமி அன்றைக்கு மட்டும் வேண்டாம், ட்ரிக்லாவை விடப் பெரிய வரிசை நிற்கும் என்றும் சொல்லி வைத்தேன்.